நான்காவது பாட்டுக்கும் ஐந்தாவது பாட்டுக்கும் நடுவில்

ஒலித் துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, ஓய்வு பெற்ற ஒருவன் ஏதாவது உருப்படியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நான் எழுதிய நிரல்கள் எல்லாம் செத்துப் போய்விட்டன. நான் வேலை பார்த்த கம்பெனிகளில் பாதி அவற்றுக்குத் துணையாகப் போய்விட்டன. என் தலைமுடியும் அதே பாதையில்தான். மிச்சம் இருப்பது இரண்டு காதுகள், அதிலும் இடது காது கொஞ்ச நாளாக விடுப்பில் இருக்கிறது. ஆகவே, இரண்டு காதும் நன்றாக வேலை செய்த காலத்தில், அவற்றை நான் உபயோகிக்காமல் இருந்ததைப் பற்றிச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. சான்டா கிளாராவில், ஒரு இந்திய மளிகைக் கடையோடு பின்சுவரைப் பகிர்ந்துகொண்ட சின்ன அலுவலகம். கடைக்குப் பெருங்காயம் வந்து இறங்கும் நாட்களில் எங்கள் ஆய்வகமே தாளித்த மாதிரி மணக்கும். நாங்கள் செய்தது ஒரு சிப். கையடக்கமான பாட்டுப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, சுருக்கி வைத்த பாட்டை விரித்துப் பாட வைக்கும் சிப். இன்று நீங்கள் உலகத்துப் பாட்டையெல்லாம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எதையும் கேட்காமல் இருக்கிறீர்கள். எங்கள் பெட்டிக்கு ஒரு ஆல்பம் போட்டாலே வயிறு நிறைந்துவிடும்.

முதலாளி டெக்சாஸ்காரர். குளிர்காலத்திலும் அரைக்கால் சட்டைதான். ஒலிப் பிரிவுக்கு நான் தலைவன். எனக்குக் கீழே இரண்டு பேர். சுதா, மயிலாப்பூர். சிப்புக்குள் ஓடும் நிரலை எழுதுகிறவள். சின்ன வயதிலிருந்து பாட்டு கற்றுக்கொண்டு, அமெரிக்கா வந்ததும் அதை நிறுத்திவிட்டு, நிறுத்திய கோபத்தை எங்கள் மேல் காட்டுகிறவள். முருகேசன், கோபிச்செட்டிபாளையம் பக்கம். சோதனை அவர் பொறுப்பு. இந்த ஊரில் முதலாளியையே பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்று எத்தனை முறை சொல்லியும் என்னை 'சார்' என்பதை விடாதவர்.

முருகேசனின் விசாவுக்கு ஆறு வருஷக் கெடு. அது தீர்ந்துகொண்டிருந்தது. கிரீன் கார்டு மனு எங்கள் கம்பெனி பெயரில் நகர்ந்துகொண்டிருந்தது. கம்பெனி படுத்தால் மனுவும் படுத்துவிடும். அவரும், மனைவி கவிதாவும், கைக்குழந்தையும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கம்பெனி படுக்காமலிருக்க இருந்த ஒரே வழி, ஜப்பானிலிருந்து வரக்கூடும் என்று நாங்கள் நம்பிய ஓர் ஆர்டர்.

அந்த ஆர்டருக்காக நகானோ என்று ஒருவர் வந்தார். அந்த ஊர் மரியாதைப்படி நகானோ சான். மெல்லிய மனிதர், மெல்லிய குரல், கதவைக்கூடச் சத்தமில்லாமல் மூடுவார். சிப்பைப் பார்த்தார், கேள்விகள் கேட்டார், எங்கள் பதில்களை எழுதிக்கொண்டார். மதியச் சாப்பாட்டின்போது, வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். லிவர்மோர் கோயிலுக்குப் போவேன், மலை தாண்டி நீண்ட டிரைவ் என்றேன். கிளம்பும்போது இரண்டு கையாலும் ஒரு மஞ்சள் நிற டிஸ்க்கை நீட்டித் தலை குனிந்தார்.

"தயவு செய்து கேளுங்கள்."

ஜப்பானியர் வெறுங்கையோடு வரமாட்டார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். நாமும் சளைத்தவர்களா? சுதா பின்பக்கக் கடைக்கு ஓடிப்போய் மைசூர்பாகுப் பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். அவர் அதையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இருவரும் மாறி மாறிக் குனிந்ததில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

டிஸ்க்கின் மேல் எழுதியிருந்தது எதையும் எங்களால் படிக்க முடியவில்லை. பின்னட்டையில் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு வரி. எல்லா ஒலிகளும் ஒரே ஆள். ஒரு பெண்ணின் பெயர். பாடியது, வாசித்தது, எழுதியது, பதிவு செய்தது எல்லாம் அவளே. கூடவே ஒரு சின்ன அறையின் படம். மேசை, மின்னிசைக் கருவி, ஜன்னலில் காயும் ஒரு துண்டு.

"சமையல்கட்டு மாதிரி இருக்குதுங்க" என்றார் முருகேசன்.

நாங்கள் சோதித்த விதத்தை இங்கே சொல்ல வேண்டும். அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சினிமாப் பாட்டு டிஸ்க்குகள்தான் எங்கள் சோதனைப் பொருள். பாட்டின் தொடக்கத்தைக் கேட்பது, சரணத்துக்கு முந்தைய வயலின் கூட்டத்தைக் கேட்பது, முடிவைக் கேட்பது, சரி என்று குறித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவது. பாட்டு என்றால் நமக்கு அதுதானே? ஒன்று தொடங்கும், ஒன்று முடியும், நடுவில் ரேடியோக்காரர் ஏதாவது பேசுவார். சின்ன வயதில் ரெக்கார்டிங் சென்டரில் பிடித்த பாட்டுகளைச் சொல்லி கேசட்டில் பதிவு செய்து வாங்கினால், ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு சரணத்தில் பாதியிலேயே அறுந்துபோகும். கேசட் நீளம் அவ்வளவுதான் என்பார் கடைக்காரர். அந்தப் பாட்டை எப்போது பாடினாலும் அந்த இடத்திலேயே நிறுத்தப் பழகியவன் நான். அறுந்து போவதில் எனக்கு முறையான பயிற்சி உண்டு.

மஞ்சள் டிஸ்க்கையும் முருகேசன் அதே முறையில் சோதித்தார். எல்லாப் பாட்டும் பாஸ். ஒரே ஒரு புகார்.

"சார், இந்தப் பொண்ணு பாட்டு எதுவுமே முடிய மாட்டேங்குதுங்க. நல்லாப் போயிட்டிருக்கும், டக்குனு நின்னுடுது. ரெக்கார்டிங்கே சரியில்லைங்களோ என்னமோ."

"ஜப்பான்ல அப்படித்தான் முடிப்பாங்க போலிருக்கு" என்றேன். ஜப்பானைப் பற்றி நான் மொத்தம் மூன்று புத்தகங்கள் படித்திருந்தேன். அந்தத் துணிச்சல்.

சனிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினோம். முன்னால் மனைவி. பின்சீட்டில், தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் எங்கள் மகள். 680 நெடுஞ்சாலையில் ஏறும்போது நினைவு வந்து டிஸ்க்கைக் கார் பிளேயரில் போட்டேன். தூரத்தில் குழாய் சொட்டுவது போல ஒரு துடிப்பு. அதன் மேல் பொம்மைப் பியானோ மாதிரி ஒரு கருவி. பிறகு அவள் குரல். அந்தக் குரலுக்குப் பின்னால் அதே குரல், அதற்கும் பின்னால் அதே குரல். தன்னையே கூட்டி வைத்துக்கொண்டு ஒரு கோஷ்டி நடத்துகிறாள். நம் ஊரில் கதாநாயகன் மரத்தைச் சுற்ற நாற்பது வயலின் வேண்டியிருக்கிறது. இவளுக்கு ஒரு அறையும் ஒரு துண்டும் போதும்.

"யாரு பாடறா? ஏதோ தாலாட்டு மாதிரியும் இருக்கு, மிக்ஸி ஓடற மாதிரியும் இருக்கு" என்றாள் மனைவி.

"ஜப்பான் பொண்ணு. தனியாவே பண்ணியிருக்கா. ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது, ஒண்ணும்..."

"அப்பா, ப்ளீஸ். டோண்ட் டாக்" என்றது பின்சீட்டு.

பேச்சை நிறுத்தினேன். அப்போதுதான் கவனித்தேன். முதல் பாட்டு எப்போதோ முடிந்திருந்தது. பிளேயரில் எண் இரண்டு என்றது. எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. சொட்டும் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, அதைச் சுற்றி வீடு மட்டும் மாறியிருந்தது. இரண்டு மூன்றாயிற்று, மூன்று நான்காயிற்று. சுனோல் ஏற்றத்தில் வண்டிகள் எறும்பு போல ஊர்ந்தன. வழக்கமாக அந்த இடத்தில் நான் கலிபோர்னியா அரசாங்கத்தைத் திட்டுவேன். அன்று திட்டவில்லை. நான்காவது பாட்டின் கடைசியில் ஒவ்வொரு கருவியாக விலகிப் போய், துடிப்பும் நின்று, அவள் மட்டும் இருந்தாள். ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள். அவ்வளவு பக்கத்தில். காரில் நான்காவது ஆள் உட்கார்ந்திருப்பது போல. பிளேயரில் நான்கு ஐந்தாக மாறியது. இழுத்த மூச்சிலிருந்து ஒரு சொல் வந்தது.

என்ன சொல் என்று தெரியாது, இன்று வரை தெரிந்துகொள்ளவும் இல்லை. கையில் ரோமம் நின்றது. மலைகள் இரு பக்கமும் காய்ந்த புல்லோடு மஞ்சளாகக் கிடந்தன. அவற்றை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. பார்த்திருக்கிறேன், மாதம் இரண்டு முறை.

அதன் பிறகுதான் உறைத்தது. ஒரு பாட்டு மூச்சோடு முடிகிறது, அடுத்தது சொல்லோடு தொடங்குகிறது. எங்கள் பெட்டியில் இது எப்படிக் கேட்கும்? முருகேசன் சொன்னாரே, டக்கென்று நிற்கிறது என்று. பாட்டு நிற்கவில்லை. நாங்கள் நிறுத்தியிருக்கிறோம்.

கோயிலில் மனைவியும் மகளும் உள்ளே போனார்கள். நான் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து மிச்சத்தையும் கேட்டேன். திரும்பி வந்த மனைவி புளியோதரைப் பொட்டலத்தை மடியில் வைத்து, "சிவனும் இருக்கார், விஷ்ணுவும் இருக்கார், ரெண்டு பேரையும் விட்டுட்டுக் கார்ல உக்காந்திருக்க ஒருத்தரால மட்டும்தான் முடியும்" என்றாள். அங்கேயும் ஒரு தரிசனம்தான் நடந்தது என்று சொல்ல நினைத்தேன். சாப்பாட்டு நேரம், வம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மூவரும் பெட்டியில் அந்த இடத்தை ஓடவிட்டோம். மூச்சு. ஒரு வெறுமை. பிறகு சொல். நீளமான வெறுமை ஒன்றுமில்லை, கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் யாரோ அந்தப் பெண்ணின் வாயைக் கையால் பொத்தி எடுத்தது போல இருந்தது.

சுதாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன்.

"கச்சேரில பாட்டு முடியும், கை தட்டுவா, பாடறவா தண்ணி குடிப்பா, மாமாக்கள்ளாம் எழுந்து காபிக்குப் போவா. தம்புரா நிக்குமோ? அது பாட்டுக்கு ஓடிண்டே இருக்கும். இந்தப் பொண்ணு தம்புராவை மீட்டிண்டே இருக்கா. நாம ஒவ்வொரு தடவையும் தந்தியைக் கையால பிடிச்சு நிறுத்தறோம். எனக்கு இது தோணியிருக்க வேண்டாமோ?"

"எதனால வருதுங்க?" என்றார் முருகேசன்.

சுதா மேசையிலிருந்த மைசூர்பாகுப் பெட்டியைத் திறந்தாள். நகானோவுக்கு வாங்கியபோது எங்களுக்கும் ஒன்று வாங்கியிருந்தோம். "பெட்டி ஒரே அளவு. ஸ்வீட் கொஞ்சம் குறைஞ்சா கடைக்காரர் மூலைல பேப்பர் அடைக்கறார் பாருங்கோ. பாட்டையும் இதே மாதிரி ஒரே அளவுப் பெட்டிகளாப் பிரிச்சுத்தான் சுருக்கறது. கடைசிப் பெட்டில இடம் மிஞ்சினா இப்படித்தான் மௌனத்தை அடைக்கறது. எது ஸ்வீட், எது பேப்பர்னு வெளில எழுதறதில்லை. நாம பேப்பரையும் சேர்த்துப் பரிமாறறோம்."

முதலாளியிடம் சொன்னோம். நகானோ மறுபடி வருவதாக இருந்தது வியாழக்கிழமை, கையெழுத்துப் போட.

"அவர் இதைப் பற்றிக் கேள்வி கேட்டாரா?" என்றார் முதலாளி.

"இல்லை."

"அப்படியானால் நீங்களும் சொல்லாதீர்கள். தனித்தனிப் பாட்டாகப் போட்டுக் காட்டுங்கள். ஒன்று முடிவதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுங்கள்."

இன்னொரு யோசனையும் சொன்னார். ஒரு பாட்டின் வாலை அடுத்ததன் தலைமேல் ஏற்றிவிட்டால் வெறுமை தெரியாதே? சுதா செய்து பார்த்தாள். சினிமாப் பாட்டுகளுக்குப் பிரமாதமாக இருந்தது. மஞ்சள் டிஸ்க்கில், மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதே அதே பெண் பேசினாள். பேய்க்கு விக்கல் எடுத்தது போல. சுதா காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி, அந்த நிரலை அழித்துவிட்டாள்.

புதன்கிழமை முருகேசனைப் பின்பக்கக் கடைக்கு டீ குடிக்கக் கூட்டிப்போனேன். நாளை யார் வாயைத் திறந்தாலும் மூடினாலும் பலனை அனுபவிக்கப் போகிறவர் அவர். கேட்காமல் முடிவெடுப்பது நியாயமாகப் படவில்லை.

"முருகேசன், நாளைக்கு நான் சொன்னா ஆர்டர் போகலாம். உங்க கார்டும் போகலாம்."

"தெரியுமுங்க."

"சொல்லலைன்னா?"

"சொல்லாட்டியும் போகலாமுங்க. அந்தாளு எதுக்குங்க ஒரு டிஸ்க்கை அத்தனை தூரம் தூக்கிட்டு வந்து கேளுங்க கேளுங்கன்னு குடுத்துட்டுப் போறாரு? நம்ம காதைச் சோதிக்கத்தானுங்க. நாமளாச் சொன்னா யோக்கியனுங்கன்னு பேராச்சும் மிஞ்சும். அவரே கண்டுபிடிச்சா செவுடனுங்கன்னுதான் பேரு."

"கவிதாகிட்ட சொன்னீங்களா?"

"சூட்கேஸெல்லாம் க்ளாசெட்ல எங்க கெடக்குதுன்னு பாத்துக்கிட்டேனுங்க. அவகிட்டச் சொல்லலீங்க." டீயை ஆற்றினார். "அதுவுமில்லாம சார்... அந்தப் பொண்ணு இழுத்த மூச்சை நாம விடவே விடலீங்களே."

வியாழக்கிழமை. நகானோ, முதலாளி, நாங்கள் மூவர். மேசை மேல் ஒப்பந்தம். முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அவரைப் பார்க்காமல் நகானோவிடம் பேசினேன். "நீங்கள் கொடுத்த ஆல்பத்தை எங்கள் பெட்டியால் பாட முடியவில்லை. கேளுங்கள்." நான்காவது பாட்டின் கடைசியை ஓடவிட்டேன். மூச்சு. வெறுமை. சொல்.

நகானோ கண்ணை மூடிக்கொண்டார். "மறுபடி" என்றார். மறுபடி. இன்னொரு மறுபடி. கண்ணைத் திறந்து, "எதற்காக இதை எனக்குக் காட்டுகிறீர்கள்?" என்றார்.

"நீங்கள் வைத்த தேர்வு ஆயிற்றே. தோற்றுவிட்டோம் என்று நாங்களே சொல்வதுதான் முறை."

"தேர்வா?" அவருக்குப் புரியவில்லை. "அது பரிசு. கோயிலுக்கு நீண்ட தூரம் காரில் போவேன் என்றீர்களே. என் மனைவி காரில் இதைத்தான் கேட்பாள். உங்களுக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன்."

முதலாளியின் முகம் தக்காளி ஆகிக்கொண்டிருந்தது. முருகேசன் என் பக்கம் சாய்ந்து, தமிழில், ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "சூட்கேஸை எறக்கட்டுங்களா?"

நகானோ பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "இன்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதாகத்தான் வந்தேன். கேட்டிருக்காவிட்டால் போட்டிருப்பேன். இப்போது கேட்டுவிட்டேன். இதை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் எப்படிக் கொடுப்பேன்? சரி செய்ய எவ்வளவு நாள் ஆகும்?"

ஒரு வாரம் என்று சொல்ல முதலாளி வாயெடுத்தார். சுதா முந்திக்கொண்டாள். "சிப்பை மட்டும் மாற்றினால் போதாது. பாட்டைச் சுருக்கும் நிரலையும் மாற்றி, ஒவ்வொரு பாட்டின் உண்மையான நீளத்தை அதிலேயே எழுத வேண்டும். இரண்டு மாதம்."

"இரண்டு மாதம் கழித்து வருகிறேன்" என்று குனிந்துவிட்டுப் போனார் நகானோ. கதவு சத்தமில்லாமல் மூடியது.

முதலாளி என்னிடம் ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவில்லை, ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாள் காலை முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு கடன் கேட்கப் போனார். அவரை அந்த உடையில் நாங்கள் பார்த்தது அதுவே முதல் முறை. அதைவிடப் பெரிய கண்டிப்பு தேவையாயிருக்கவில்லை.

அந்த இரண்டு மாத வேலையின் விவரம் உங்களுக்கு வேண்டாம், பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். முருகேசன் அந்த ஒரு மூச்சை எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று கணக்கில்லை. கேட்கக் கேட்க அலுத்துப்போகும் என்று நினைத்தேன். ஒருநாள் அவர் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவள் மூச்சை இழுக்கும்போது இவரும் இழுத்தார். சொல் வந்த பிறகுதான் விட்டார்.

நகானோ திரும்பி வந்த அன்று, மேசையில் அதே ஒப்பந்தம், அதே ஐந்து பேர். அந்த இடத்தை மட்டும் போடட்டுமா என்று கேட்டேன். முதலிலிருந்து போடச் சொன்னார்.

குழாய் சொட்டத் தொடங்கியது. பட்டப்பகல், ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம், பின்சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி மூட்டை இறக்கும் சத்தம். ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து ஒருத்தி செய்தது, கடல் தாண்டி, எங்கள் கட்டைவிரல் நகமளவு சிப்புக்குள் புகுந்து, இந்தப் பெருங்காய வாசனைக்குள் வந்து நின்றது. இயற்பியல் எனக்குத் தெரியும், நிரலின் ஒவ்வொரு வரியும் தெரியும். தெரிந்தும் இது எப்படி நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. தெரியாதவனுக்கு வரும் வியப்பை விட, தெரிந்த பிறகும் மிஞ்சுகிற வியப்பு பெரியது. உங்களுக்கு இந்த வேலையில் அது ஒரு தடவையாவது வாய்க்க வேண்டும். சம்பளம் எப்படியும் வரும்.

நான்காவது பாட்டின் கடைசியில் கருவிகள் விலகின. சுதா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு. சொல். நான் பயந்து காத்திருந்த அந்த வெறுமை கேட்கவில்லை. இரண்டு மாத உழைப்பு, முழுக்கால் சட்டை, ஒரு குடும்பத்தின் தூக்கம் எல்லாம் அந்த இடத்தில் இருந்தன. எதுவுமே கேட்கவில்லை. சரியாகச் செய்தால் நம் வேலை கேட்காது. யாரும் பாராட்டவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கக் கூடாது.

ஏழாவது பாட்டில் நகானோ, கண்ணைத் திறக்காமலே, பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு கண்ணைத் திறந்து, ஒப்பந்தத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். முதலாளி துள்ளி எழுந்து வாயைத் திறந்தார். நகானோ ஒரு விரலை உயர்த்தினார். ஆல்பம் முடியவில்லை. டெக்சாஸ்காரர் அப்படியே நாற்காலியில் அமர்ந்து, மிச்சப் பாட்டு முழுவதும் சந்தோஷத்தைக் கைக்குட்டை போலக் கசக்கிக்கொண்டிருந்தார்.

கம்பெனி இரண்டாயிரத்தொன்றில் மூடிவிட்டது. டாட்காம் சரிவில் மற்ற எல்லாரும் மூடிய காரணத்துக்காக. அதற்குள் முருகேசன் கைக்குக் கார்டு வந்திருந்தது. ஆனால் அந்தப் பகலில் அது எங்கள் யாருக்கும் தெரியாது.

கடைசிப் பாட்டில் துடிப்பு மெலிந்து மெலிந்து போய், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்தில் நின்றது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மூட்டை விழுந்தது. முருகேசன் நாற்காலியில் சாய்ந்து, நீளமாக மூச்சை விட்டார்.

"இப்பத்தானுங்க சார், பாட்டு முடிஞ்சுது."